சொட்டு சாமியார்

திருவண்ணாமலையில் சாமியாருக்குப் பெயர் வைப்பது ஊராரின் உரிமை. பனையோலை விசிறியும் கையுமாக இருந்த யோகி ராம்சுரத்குமார் விசிறி சாமியார் ஆனார். மூக்குப்பொடி போட்டவர் மூக்குப்பொடி சித்தர் ஆனார். கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பட்டம். அந்த வழக்கப்படி வேங்கிக்காலில் எங்கள் தெருவில் போன ஐப்பசியிலிருந்து ஒரு சொட்டு சாமியார் இருக்கிறார். பற்று அறுத்தவர் இல்லை, பென்ஷன் வாங்குகிறவர். தவம் ஏதும் செய்யவில்லை. ஒரு நீல டிரம் வாங்கினார், அவ்வளவுதான். அவர் நான்தான்.

ஐம்பூதத் தலங்களில் தண்ணீரை திருவானைக்காவலுக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்கு நெருப்பை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டின் முழுப் பலனும் சித்திரையில் தெரியும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை மலை, ராத்திரியில் அதை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். இந்தச் சூட்டில் வீட்டின் பக்கவாட்டில் பைகளில் பதினாலு செடி வளர்க்கிறோம். கத்தரி, தக்காளி, வெண்டை, மல்லி, செம்பருத்தி என்று ஒரு சிறிய குடும்பம். வீட்டுக்காரி காலையில் ஒரு வாளியும் மக்குமாக இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து தோசைக்கல்லைப் போடுவாள். முப்பது வருஷமாக எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிய இந்த ஏற்பாட்டைத்தான் நான் நவீனப்படுத்தக் கிளம்பினேன்.

காரணம், ஓசூரில் இருக்கும் மகன் அனுப்பிய ஒரு வீடியோ. மாடியில் விழும் மழை டிரம்மில் இறங்குகிறது, டிரம்மிலிருந்து குழாய் வழியாகச் செடிக்குச் சொட்டுகிறது, வீட்டுக்காரர் ஊஞ்சலில் பேப்பர் படிக்கிறார். எங்கள் வீட்டில் ஊஞ்சல் இல்லை. மற்றதெல்லாம் செய்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி 600 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். இந்தப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 56,000 லிட்டர். பேனாவை மூடிவிட்டு சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

"நம்ம தலைமேல வருஷத்துக்கு 56,000 லிட்டர் வந்து விழுது, தெரியுமா?"

"நீங்க வாங்கப்போற டிரம் எவ்ளோ கொள்ளும்?"

"200."

"மீதி 55,800?"

நான் பேனாவைத் திறந்து மறுபடி மூடினேன்.

மீதி நிலத்தடிக்குப் போகலாம். அதற்குத்தான் 2003இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அந்த வருஷம் நானும் ஊரோடு ஒத்து, மாடியிலிருந்து ஒரு பிவிசி பைப்பைக் கீழே இறக்கினேன். பைப் தரைக்கு ஓர் அடி மேலே நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட வேண்டும். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்வதாக அப்போது சொல்லியிருந்தேன். இருபது வருஷமாக வானத்தையும் சிமென்ட் தரையையும் இணைத்துக்கொண்டிருந்த அந்தப் பைப்புக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது.

டிரம் பழைய சாமான் கடையில் கிடைத்தது. வாயகன்றது, மூடி போட்டது, 200 லிட்டர். "உள்ள என்ன இருந்துதுப்பா?" என்றேன். "ஸ்வீட் போடற எடத்து சரக்கு சார். குளுக்கோஸ் பாகு. மருந்து கிருந்து எதுவும் இல்ல, கழுவுனா போதும்" என்றார். கழுவினேன். மூன்று தடவை. நான்காம் நாள் எங்கள் தெருவின் எறும்புகள் எல்லாம் அதைச் சுற்றி கிரிவலம் வந்தன.

கிரிவலம் என்றதும் நினைவு வருகிறது. நான் டிரம்மை வாங்கப் போன நாள் பௌர்ணமி. வேலூர் ரோட்டில் வண்டிகளைத் திருப்பி விட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் பாதி வழியில், "இதுக்கு மேல போகாது சாமி" என்று என்னையும் டிரம்மையும் ஓரமாக இறக்கிவிட்டார். மூடியைத் திறந்து பிடித்தபடி வெயிலில் நின்றேன். இரண்டு நிமிஷத்தில் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவர் பின்னால் ஒரு குடும்பம். "நீர்மோருங்களா சாமி, பானகமா?" என்று அந்த அம்மா கேட்டார், கையில் டம்ளர் வேறு. பதினாலு கிலோமீட்டர் நடந்தவரிடம் காலி டிரம்மைக் காட்டி, இது கத்தரிச் செடிக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "இன்னும் வரல" என்றேன். வரிசை கலையவே இல்லை.

டிரம்மின் அடியில் ஓட்டை போடுவது சுலபம். ஓட்டையில் டேங்க் நிப்பிளைச் செருகி, வெளியே ஒரு ரப்பர் வாஷர், உள்ளே ஒரு ரப்பர் வாஷர், பிறகு உள்பக்கமாக நட்டை முறுக்க வேண்டும். டிரம்மின் ஆழம் மூன்றடி. என் கை இரண்டடி. மிச்சம் ஓர் அடிக்கு உடம்பைத்தான் கொடுக்க வேண்டும். டிரம்மைப் படுக்க வைத்திருக்கலாம். அது எனக்கு மறுநாள் தோன்றியது. அன்றைக்கு முக்காலியில் ஏறி, இடுப்பு வரை உள்ளே தொங்கி, நட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கறிவேப்பிலை கேட்டு வந்தார். "வீட்ல யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். டிரம்முக்குள்ளிருந்து அது அசரீரி போல எழும்பியது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பட்டம் கிடைப்பதற்கான அஸ்திவாரம் அன்றுதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

மழையும் வந்தது. நாலு மில்லிமீட்டர் பெய்தாலே என் டிரம் நிரம்பிவிடும். பத்து நிமிஷத்தில் நிரம்பி வழிந்தது. மாடித் தூசி, காக்கை எச்சம், பூவரச இலை, ஒரு ஷட்டில் காக் எல்லாம் சேர்ந்து வந்தன. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு இரண்டாம் மழையைத்தான் பிடிக்க வேண்டும் என்பது வீடியோவில் ஆறாவது நிமிஷத்தில் வருகிறதாம். நான் நாலாவது நிமிஷத்திலேயே கடைக்குக் கிளம்பியிருந்தேன்.

மறுநாள் வால்வைத் திறந்தேன். 16 எம்எம் லேட்டரல் குழாய், பதினாலு டிரிப்பர், கடைசியில் எண்ட் கேப். ஒரு சொட்டுகூட விழவில்லை. குழாயை ஊதினேன், தட்டினேன், கும்பிட்டேன். பிளம்பர் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது மோட்டார் போட்டு ஓட்டற டிரிப்பரு. ஒரு பார் பிரஷர் வேணும். தண்ணி பத்து மீட்டர் ஒசரத்துல நின்னாதான் ஒரு பார். உங்க டிரம்மு தரையில குந்தினுக்கீது."

பத்து மீட்டருக்கு ஒரு பார். அண்ணாந்து பார்த்தேன். எதிரே அண்ணாமலை, கடல் மட்டத்துக்கு மேல் 2,668 அடி. டிரம்மை உச்சியில் தீபக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்தால், ஊரின் உயரத்தைக் கழித்தாலும் அறுபது பார் கிடைக்கும். கத்தரிச் செடி ஆரணியில் போய் விழும்.

சொட்டு நீர்ப் பாசனத்தை உலகுக்குக் கொடுத்த இஸ்ரேல் பொறியாளர் சிம்கா பிளாஸைப் பற்றி ஒரு கதை உண்டு. யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு மரம் மட்டும் தளதளவென்று நிற்பதைக் காட்டினார்களாம். தோண்டிப் பார்த்தால் பக்கத்துக் குழாயில் ஒரு கசிவு. அந்தக் கசிவை மனதில் போட்டு வைத்திருந்து, பல வருஷம் கழித்து டிரிப்பர் செய்தார். 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் நெட்டாஃபிம் கம்பெனி பிறந்தது. எங்கள் தெருமுனையிலும் ஒரு குழாய் கசிகிறது. நாங்கள் அதை மனதில் போட்டு வைக்கவில்லை, மனுவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

டிரம்மை உயர்த்தினால் கொஞ்சமாவது வேகம் வரும் என்றார் தம்பி. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. அசைக்க முடியவில்லை. ஆகவே என் முதல் அறுவடை முழுவதையும் நானே சாக்கடையில் திறந்துவிட்டேன். காலி டிரம்மைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தேன். நான் எழுபது கிலோ. என்னைத் தாங்கும் ஸ்டூல் டிரம்மையும் தாங்கும் என்று நினைத்தேன். அன்று ராத்திரி மழை பெய்தபோது மூன்று நான் ஒரே சமயத்தில் அதன்மேல் உட்கார்ந்தோம். சத்தம் கேட்டு எழுந்த வீட்டுக்காரி, "விழுந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அந்தக் கேள்வியில் ஆச்சரியமே இல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

பிறகு ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டரை அடிக்கு மேடை கட்டினோம். டிரிப்பருக்குப் பதில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் போட்டால் குறைந்த வேகத்திலும் சொட்டும், உருளையைத் தள்ளி அளவும் வைத்துக்கொள்ளலாம் என்றார் தம்பி. மருந்துக் கடைக்குப் போனேன்.

"டிரிப் செட்டு பதினாலு வேணும்."

"எத்தன பேஷண்ட் சார்?"

"பதினாலு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "வயசு?"

"எல்லாருக்கும் ரெண்டு மாசம் இருக்கும்."

கையிலிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார். விளக்கிச் சொல்லி வாங்கி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கறிவேப்பிலைப் பாட்டி சாத்துக்குடியோடு வந்தார்.

ஆனால் சொட்டியது. உண்மையாகவே சொட்டியது. கண்ணாடி போன்ற அந்தச் சிமிழில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, நீண்டு, அறுந்து விழுவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிஷத்துக்கு அறுபது வைத்தால் மூன்று மில்லி. நாலு மணி நேரத்தில் செடிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பதினாலு செடிக்கும் சேர்த்து நாளைக்குப் பத்து லிட்டர். டிரம் இருபது நாள் வரும். கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நடப்புதான் வேறு. டிரம்மில் தண்ணீர் இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும், அறுபது சொட்டு நாற்பதாகும். உருளையைத் திருகினால் அது தொண்ணூறுக்குப் போகும். ஒன்றைக் கூட்டினால் பக்கத்துச் செடிக்குக் குறையும். ஆறு மணிக்கு ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை, கைக்கடிகாரத்தோடு செடி செடியாக உட்கார்ந்து எண்ணினேன். இதற்குத் தானியங்கிப் பாசனம் என்று பெயர். கேட்டுக்கு வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வெற்றுடம்போடு, அசையாமல், உதடு மட்டும் முணுமுணுக்கும் ஒரு கிழவர். இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தொந்தரவுகளும் வந்தன. கொசு ஒழிப்புக்கு வரும் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூடி சரியா இல்லன்னா ஒரே வாரத்துல புழு கொசுவாயிடும் சார், வெள்ளைத் துணிய இழுத்துக் கட்டுங்க" என்று சொல்லி மருந்து ஊற்றிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம், கட்டினேன். நீல டிரம்முக்குள் வெயில் புகுந்து பாசி பிடித்தது. கறுப்புச் சாயம் அடித்தேன். அணில் ஒன்று தாகத்துக்கு டியூபைக் கடித்தது. மாநிலத்தின் மின்வெட்டுக்கே ஒரு சமயம் காரணம் காட்டப்பட்ட இனம் அது, என் டியூபை விடுமா? அதற்கு ஒரு சிரட்டையில் தனியாகத் தண்ணீர் வைத்ததும் சமாதானம் ஆயிற்று.

கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை என்பார்கள். மலைமேல் மகாதீபம் பதினோரு நாள் எரிந்து அடங்கியது. அதற்குப் பிறகு டிரம் ஒரே ஒரு தடவைதான் நிரம்பியது. தை பிறந்தபோது அடியில் அரையடி தண்ணீர். செடிக்கு வேண்டாதபோது பெய்த மழை, வேண்டியபோது இல்லை. நான் போர்க் குழாயிலிருந்து குடம் குடமாகப் பிடித்து டிரம்மில் ஊற்ற ஆரம்பித்தேன். மூன்று நாள் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள்.

"குழாயில புடிச்சி டிரம்ல ஊத்தறீங்க. டிரம்லேர்ந்து செடிக்குப் போவுது. நடுவுல இருக்கற டிரம்ம எடுத்துட்டா, அது நான் செஞ்சதுதானே?"

பதில் சொல்ல எனக்கு வைகாசி வரை ஆயிற்று.

அக்னி நட்சத்திரத்தின்போது பெரிய கோயிலுக்குப் போனேன். மே மாதம் அந்த நாட்களில் அருணாசலேஸ்வரருக்குத் தாராபிஷேகம் நடக்கும். லிங்கத்துக்கு மேலே ஒரு பாத்திரம், அடியில் ஒரு துளை. வாசனைப் பொருள் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். குடம் குடமாகக் கொட்டுகிற அபிஷேகமும் அவருக்கு உண்டு, ஆனால் வெயில் உச்சத்தில் அக்னி சொரூபமான சாமிக்கே சொட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். எண்ட் கேப் இல்லை, பார் இல்லை, அந்தப் பாத்திரத்தையும் யாரோ கையால்தான் நிரப்புகிறார்கள். வரிசையில் பின்னால் இருந்தவர் "நகருங்க சாமி" என்று சொல்லும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதை விடக் குறைவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நீ மக்குல ஊத்தினா பாதி தண்ணி பையோட அடி வழியா ஓடிடுது. சொட்டா விட்டா மண்ணு அதக் குடிச்சிடுது. வித்தியாசம் ஊத்தறதுல இல்ல, தங்கறதுல." கோயில் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாமி விஷயத்தில் அவள் குறுக்கே பேசுவதில்லை.

அடுத்த நாள் மதியம் துளசிமாடத்தில் ஒரு பழைய மண்சட்டி தொங்கிற்று. அடியில் ஆணியால் போட்ட துளை. துளையில் கார்த்திகை விளக்குக்கு வாங்கி மிஞ்சிய பஞ்சுத் திரி. விளக்கில் எண்ணெயை மேலே ஏற்றும் அதே திரி, இங்கே தண்ணீரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. சாமான் செலவு சுழி. அடைப்பும் இல்லை, அணிலும் வரவில்லை. நான் எட்டு மாதத்தில் கட்டியதை அவள் தோசை மாவு அரைபடும் நேரத்தில் கட்டிவிட்டாள்.

சாயங்காலம் பால் வாங்கி வந்தேன். பின்கட்டுப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண் சட்டியின் மேல். உதடு லேசாக அசைந்தது. நான் வந்ததையே கவனிக்கவில்லை. கூப்பிட வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இருங்க, எண்ணிக்கை விட்டுப்போயிடும்."