பாஸ்டர் வீட்டுப் பாகப்பிரிவினை

எங்கள் அப்பா சி.எஸ்.ஐ. சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேடசந்தூர், நத்தம், வத்தலக்குண்டு என்று திண்டுக்கல் வட்டாரத்தில் அவரை மாற்றாத ஊர் இல்லை. போகிற ஊரில் குருமனை சபைக்குச் சொந்தம். அதில் கிடக்கும் கட்டில், மேஜை, கிணற்று வாளி எல்லாம் சபைக்குச் சொந்தம். நாங்கள் நான்கு பிள்ளைகள் மட்டும்தான் அப்பாவுக்குச் சொந்தம்.

ஓய்வுக்குப் பிறகு அவரிடம் சேர்ந்த ஆஸ்தி: ஐந்து சென்டில் ஒரு வீடு, ஒன்றேகால் ஏக்கர் முருங்கைக் காடு, ஓர் ஆர்மோனியம், பிரசங்க நோட்டுகள் அடைத்த ஒரு மரப்பீரோ. பீரோவில் திண்டுக்கல் பூட்டு. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பூட்டு தரமானது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

போன கோடையில் எங்களை வரவழைத்து, "கண்ணோடு இருக்கும்போதே பிரிச்சுடறேன்" என்றார். தன் சகோதரன் தன்னோடு ஆஸ்தியைப் பங்கிட வேண்டும் என்று ஒருவன் வந்து முறையிட்டபோது, இயேசுவே அது தன் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டதாக லூக்கா 12ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவர் தொடாத வேலையை அப்பா கையில் எடுத்தார்.

"பொண்ணுங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று அண்ணன் ஆரம்பித்தான். அக்கா ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவள். எண்ணாகமம் 27ஐத் திறந்தாள். செலொப்பியாத்தின் ஐந்து மகள்களும் மோசே முன்னால் போய் நின்று தகப்பன் பங்கைக் கேட்டதையும், அவர்கள் கேட்பது நியாயமே என்று கடவுள் தீர்ப்புச் சொன்னதையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பாஸ்டர் வீட்டில் வசனத்தை எதிர்த்துப் பேச முடியாது. அண்ணன் சட்டத்துக்குத் தாவினான்.

சட்டம் அதைவிட மோசம். கிறிஸ்தவர்களுக்கான 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகன், மகள் என்ற பேதமே கிடையாது. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. திருவிதாங்கூரில் மட்டும் 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் அது செல்லாது என்று ஆக்கினார். அண்ணன் தப்பான மாநிலத்தில், தப்பான காலத்தில் பிறந்துவிட்டான்.

தம்பி கணக்குப் போட்டான். அம்மா பங்கு போக ஆளுக்கு ஆறில் ஒன்று. வீட்டு மனையில் அது 363 சதுர அடி. எனக்குக் குளியலறையும் முக்கால் வராந்தாவும் வரும்போல் இருந்தது.

அதனால் உயில் எழுதுவதென்று முடிவாயிற்று. சபைக்கும் கொஞ்சம் எழுத அப்பாவுக்கு ஆசை. அந்தக் காலத்தில் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர் தருமத்துக்குச் சொத்து எழுதினால், எழுதிய பிறகு குறைந்தது பன்னிரண்டு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும்! ஜான் வள்ளமட்டம் என்ற கேரளப் பாதிரியார் வழக்குப் போட, 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. "இனிமே நான் நிம்மதியா எப்ப வேணும்னாலும் போகலாம்" என்றார் அப்பா. அம்மா முறைத்தார்.

சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பெரிய மாப்பிள்ளை பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ, அவர் மனைவிக்கோ, கணவருக்கோ அந்த உயிலில் எழுதிய பங்கு செல்லாது என்று அப்பா சட்டத்தைப் படித்தார். பேனா அதே வேகத்தில் பைக்குள் போயிற்று. அப்பா விடாமல் இன்னொரு பிரிவையும் சத்தமாகப் படித்தார்: உயில் எழுதியவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் உயில் ரத்து.

"அந்த நெனப்பு வேற இருக்கா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. அன்று மதியம் ரசம் மட்டும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு நிலமும் வீடும் ஒரே சாயந்தரத்தில் சுமுகமாகப் பிரிந்தன. முருங்கைக் காட்டை அண்ணனும் தம்பியும், வீட்டை அம்மா காலத்துக்குப் பின் நாங்கள் இரண்டு பெண்களும். சண்டை வந்தது, கிறிஸ்துமஸுக்குச் சீரகச் சம்பா பிரியாணி போடும் தேக்சாவுக்குத்தான். அது வத்தலக்குண்டு சபையார் அப்பாவை வழியனுப்பும்போது கொடுத்த பித்தளைப் பாத்திரம். நான்கு பேரும் கேட்டோம். அண்ணி, 'மூத்த மருமகள்' என்ற புதிய சட்டப் பிரிவையே இயற்றினார். எண்ணாகமத்திலும் இதற்கு வழி இல்லை, 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. பிரசங்க நோட்டுகளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே பெரியவர்களே, உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுவது நல்லது. சொத்து வாங்கப்போகும் மகனையோ மருமகனையோ சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். நிலத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் முதலில் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களுக்குப் பேர் எழுதிவையுங்கள்.