நோட்டு இல்லாத நாள்

கேள்வி: கல்லூரியில் பொருளாதாரம், சமூகவியல் வகுப்பென்றாலே பிள்ளைகள் தூங்கி வழிகிறார்களே, என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: பிள்ளைகள் மட்டுமா? எனக்குப் பொருளாதாரம் எடுத்தவர் இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவில்தான் பணவீக்கத்தை விளக்குவார். பழுப்பேறிய நோட்டு, கமா, முற்றுப்புள்ளி உட்பட டிக்டேஷன். ஒருநாள் நோட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். அன்று நாட்டில் பணவீக்கமே இல்லை!

மருந்து உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது, சார். நூறு வருஷத்துக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, லீவில் அவரவர் கிராமத்தில் விசாரித்து வரச் சொன்னார். யாருக்கு எத்தனை ஏக்கர், கூலி பணமா நெல்லா, கடன் யாரிடம், வட்டி என்ன? கேள்விகளுக்குத்தான் தாள், பதில் ஊருக்குள் இருந்தது. 1918இல் அது புத்தகமாகவே வந்தது. அதில் உங்கள் பக்கத்து இருவேல்பட்டும் உண்டு. பிற்பாடு 1930களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பி வந்து, என்ன மாறியது என்று பார்த்தார்கள். ஒரு லீவு வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு ஆயுசு!

இப்போதும் ப்ராஜெக்ட் உண்டே என்பீர்கள். உண்டு, ஜெராக்ஸ் கடையில், ஸ்பைரல் பைண்டிங்கோடு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அட்டையில் பேரைக்கூட மாற்றாமல், போன வருஷ சீனியர் பெயரிலேயே கொடுத்துவிட்டான். சீனியருக்கு இன்னொரு முறை பாஸ்.