அப்படியே மேல போவுது

கூட்டு ரோட்டில் டீ குடிக்க நின்றால் போதும், அண்ணன் போனைக் கொண்டுவந்து நம் காதில் அழுத்திவிடுவார். “கேளு தம்பி, அமாவாசை ராத்திரி வந்தது.”

முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு தத்தகாரம்: தன்னன்னா தானே, தன்னன்னா தானே. அதற்குப் பின்னால், “மலையனூர், மலையனூர், ஏறு ஏறு” என்று ஸ்பெஷல் பஸ் கண்டக்டர். அவர் குரல்தான் அதில் சுதி சுத்தம். பல்லவி இரண்டு முறை சுற்றும். அனுபல்லவி மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். நம் தலை தானாக ஆடத் தொடங்கும் நேரத்தில் பாட்டு நின்றுவிடும்.

அங்கிருந்து அண்ணனின் வலது கை பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். “இங்க ஒரு பி.ஜி.எம்., ஃபுல்லா வயலினு. அப்புறம் சரணம். அப்படியே மேல போவுது.” கை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிவரை ஏறும்.

“மேல போயி?”

“போயி, அங்கேர்ந்து அப்படியே சுத்தி, பல்லவில வந்து உக்காருது பாரு.” கை இறங்கி டீ கிளாஸை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கையில் எத்தனை சரணங்கள் ஏறி இறங்கியிருக்கின்றன! ஒன்றுகூடத் தொண்டை வழியாக வந்ததில்லை.

போனில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. ‘புது டியூன்’, ‘புது டியூன் ஃபைனல்’, ‘ஃபைனல் இதான்’, ‘இதான் சத்தியமா’.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சிதான். அன்றைக்கே அண்ணன் தேசிங்கு ராஜனுக்கு ஒரு பாட்டு ஆரம்பித்துவிட்டார். பல்லவியில் குதிரைக் குளம்புச் சத்தம், கேட்டால் புல்லரிக்கும். ஆனால் அந்தக் குதிரை லாயத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஆற்காட்டு நவாபு எதிரே காத்துக்கொண்டிருக்கிறார். 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்துக்கு ஜி. ராமநாதன் எல்லாப் பாட்டையும் போட்டு முடித்தாரே அண்ணா என்றால், “அப்பல்லாம் அவசரப்பட்டாங்க” என்கிறார். அவசரமே படாத முகலாயத் தளபதி ஜுல்பிகர்கான்கூட இந்தக் கோட்டைக்கு 1690இல் வைத்த முற்றுகையை 1698இல் முடித்துவிட்டுப் போனார்.

ஒருமுறை கூத்து வாத்தியார் ஒருவரிடமும் டியூனைப் போட்டுக் காட்டினார். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். கை மலையேறி இறங்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “எல்லாஞ் சரி. வேஷம் எப்பப்பா திரைய விட்டு வெளிய வரும்?”

அண்ணனுக்கு அது புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி வைத்துக்கொண்டார்.

பல்லவி யாருக்கும் வரும். குளிக்கும்போது வரும், விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைக்குக் காவல் படுத்திருக்கும்போது வரும். சரணம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. பல்லவி சுற்றிய ஸ்வரங்களை விட்டு வெளியே போக வேண்டும், போன இடத்தில் ராகம் காணாமல் போகக் கூடாது. பல்லவி அரை இடம் தள்ளி எடுப்பு என்றால், சரணத்தின் கடைசி வரி அந்த அரை இடத்தை விட்டுக்கொடுத்து இறங்க வேண்டும். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா? திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவர். அடுத்தவர் பாட்டில் எடுப்பு நூலளவு நகர்ந்தாலும் அவர் முகம் கோணிவிடும். டியூன் மட்டமாக இருந்தால் நானும் டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். நல்ல டியூன் சார், அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் மனைவி முணுமுணுப்பது அவருடைய பல்லவியைத்தான். இரண்டாவது சுற்றில் அவளும் நின்றுவிடுகிறாள், பாவம், அதற்கு மேல் இல்லையே.

வரி எழுதுகிறவன் நான். இரண்டு சரணத்துக்கும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம், “டியூன் கொஞ்சம் மாறிடுச்சு தம்பி, குறில் நெடில் மட்டும் மாத்திக் குடேன்” என்பார். மாற்றிக் கொடுப்பேன். அதற்குள் டியூன் வேறு ராகத்துக்குக் குடிபோயிருக்கும். எழுதுவதும் உழைப்புதான். ஒரு சொல் உட்கார இரண்டு நாள் ஆகிறது. காசு கேட்கவில்லை, பாடிக் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன். “தம்பி, சரணம் வந்துடுச்சு!” அடித்துப்பிடித்து எழுந்து கேட்டேன். கேட்க அருமையாக இருந்தது. இன்னொரு பல்லவி.

இந்த ஆடியில் பக்கத்து ஊர்க்காரர்கள் அம்மன் பாட்டு ஒன்று கேட்டு முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். கூழ் ஊற்றும் நாள் காலையில் அண்ணன் கொண்டுபோனது வழக்கம்போல பல்லவி மட்டும். மைக் செட்காரர் அதையே திருப்பித் திருப்பிச் சாயங்காலம்வரை போட்டார். கரகம் ஆடியவர்கள் ஆடினார்கள், சாமி வந்தவர்களுக்குச் சாமி வந்தது, சரணம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

“பாத்தியா?” என்றார் அண்ணன். அடுத்த வருஷத்துக்கும் அவரிடமே சொல்லியிருக்கிறார்களாம், வரிகளை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.