போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும்

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் முன்பக்க பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். பகலில் இவ்வளவுதான். ராத்திரியில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது பிரேக்கை அழுத்தினால், பின்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகள் அணைந்துபோகும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு எப்போது நம் வண்டி கண்ணில் பட வேண்டுமோ அப்போதுதான் அது இருட்டுக்குள் மறையும்.

2000-ஆம் ஆண்டையொட்டி எங்கள் அப்பாவின் டீசல் பிக்கப்புக்கு வந்த கோளாறு இது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் லோடு ஏற்றி, விடிவதற்குள் மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் இறக்க வேண்டிய வண்டி. நிறுத்தி வைத்தால் பிழைப்பு போய்விடும். அதனால் கிளீனர் பையன் மீன் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, வண்டி வேகம் குறையும்போதெல்லாம் பின்பக்கம் டார்ச் அடித்துக்கொண்டே வருவான்.

ஒரு மெக்கானிக் லைட் ஸ்விட்ச் போய்விட்டது என்று மாற்றினார். இன்னொருவர் இண்டிகேட்டர் பிளாஷரை மாற்றினார். அடுத்தவர் பிரேக் ஸ்விட்சை மாற்றினார். கடைசியாகப் பார்த்தவர், ஒயரிங் கிட்டையே மொத்தமாக மாற்றினால்தான் சரியாகும் என்று கைவிரித்தார். ஒவ்வொரு முறையும் பொருளுக்கும் கூலிக்கும் காசு போனது. கோளாறு அப்படியே இருந்தது.

பிறகுதான் பைபாஸில் பேட்டரி கடையை ஒட்டி வேலை பார்த்துவந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் வண்டி போனது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு டெஸ்ட் லேம்ப்: ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் கூராக்கிய ஆணி. அவர் ஸ்விட்ச் பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்பக்க விளக்குக்குப் போனார். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்துவந்து கிளிப்பில் மாட்டி, ஆணியை சேஸிஸ் இரும்பில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. விளக்கின் எர்த் ஒயரில் வைத்தார். பல்புக் கம்பி சிவந்ததோடு சரி.

"தம்பி, லைட்டு எரியலன்னா கரண்டு வரலன்னு நெனைக்காத. வந்த கரண்டு திரும்பிப் போக வழி இருக்கான்னு பாரு" என்றார்.

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு ஒயர் போகும். வண்டியில் ஒன்றுதான். திரும்பும் வழி வண்டியின் இரும்புதான்; விளக்கை அந்த இரும்போடு சேர்க்கும் ஒயர்தான் எர்த். பின் விளக்கில் இருப்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு கம்பி கொண்ட 21/5 வாட் பல்பு. பிரேக்குக்கு 21, ராத்திரி விளக்குக்கு 5. இரண்டு கம்பிக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் அறுந்தால், வடிகால் அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல, பிரேக்குக்கு வந்த கரண்ட் 21 வாட் கம்பியில் ஏறி, 5 வாட் கம்பி வழியாகப் பார்க் லைட் லைனுக்குள் புகுந்து, முன்னால் போய், டேஷ்போர்டு பல்புகளின் எர்த்தில் இறங்கும். ராத்திரியில் பிரேக்கை அழுத்தும்போது இரண்டு லைனிலும் 12 வோல்ட் நிற்பதால் பாய்வதற்கு இடமே இல்லை. இரண்டு கம்பியும் அணைந்துவிடும்.

எர்த் போல்ட்டைக் கழற்றியதும் காரணம் கையில் வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் சேஸிஸ் விளிம்பில் தேங்கித் தேங்கி, ஒயர் முனையில் போல்ட்டுக்கு மாட்டும் திம்பிளைப் பச்சையாகப் பூக்கவைத்திருந்தது. ஒயரை அண்ணாச்சி உரித்துக்கொண்டே போனார். மேலே ரப்பர் உறை புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு கறுத்து, விரலில் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி எறிந்து, புது ஒயர் சேர்த்து, திம்பிளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அன்று ராத்திரி கிளீனர் பையன் முன்னால் உட்கார்ந்து வந்தான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகியவர்கள் அன்று ஏராளம். பியூஸ் எரியாவிட்டால் அதன் இடத்தில் ஒயர் எரியும். இப்படித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் அன்றும் அரிதுதான்.

இப்போது அண்ணன் மகன் ஓட்டுவது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய லோடு வண்டி. இன்ஜினுக்கே தனிக் கணினி. அவனுக்கும் அதே தொழில், அதே உப்புத் தண்ணீர். வண்டி சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது, மத்தியானம் ஆகும். ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகினார்கள். யூ0100 என்று கோடு வந்தது. இன்ஜின் கணினியோடு தொடர்பு அறுந்தது என்று அதற்குப் பொருள். உடனே கணினியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். விலையைக் கேட்டு அவன் வண்டியை வெளியே எடுத்து வந்துவிட்டான்.

கோளாறைப் பிடித்தது டிப்ளமோ முடித்த ஒரு இளைஞர். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, "அண்ணே, செல்ஃப் அடிங்க" என்றார். கால் வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. இன்ஜின் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு.

பிடிவாதக் கோளாறுகள் பலரையும் ஏமாற்றும் இடம் இதுதான். அந்தப் பட்டையை ஓம்ஸில் வைத்துப் பார்த்திருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட சைபர் காட்டியிருக்கும், ஒயர் நல்லது என்று தோன்றியிருக்கும். ஓம்ஸ் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். பத்து இழையில் ஒன்று மிச்சமிருந்தாலும் அது போய்விடும். டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர்கூட இழுக்கும். அப்போது நூற்றில் ஒரு பங்கு ஓம் தடையே 2 வோல்ட்டைத் தின்றுவிடும். கணினிக்குப் போதிய வோல்ட் கிடைக்காது, அது பேச்சை நிறுத்தும். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. தொடர்பு அறுந்ததைச் சொன்னது. ஏன் அறுந்தது என்று மனிதன்தான் தேட வேண்டும்.

அன்று ஆணி முனையில் பல்பு வைத்து அண்ணாச்சி செய்ததை, இன்று சில நூறு ரூபாய் மீட்டர் எண்ணாகவே காட்டுகிறது. புது வண்டிகளில் பழைய பல்பு டெஸ்ட் லேம்ப்பைக் கணினி ஒயரிலோ ஏர்பேக் ஒயரிலோ வைக்கவும் கூடாது. அது இழுக்கும் கரண்ட் அந்த சர்க்யூட்டுகளுக்கு ஆகாது. ஆக, கருவி மாறியது நல்லதே. தேடாமல் பார்ட்ஸ் மாற்றும் பழக்கம்தான் அப்படியே நிற்கிறது. லோடு வண்டிக்காரரின் ஒரு மாத வருமானத்தை அது ஒரே நாளில் எடுத்துவிடுகிறது.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். யாராவது விலை கூடிய பார்ட்ஸை மாற்றச் சொன்னால், கரண்ட் ஓடும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.