நாலு சைபர் பூட்டு

வாங்க மாப்ளே, உக்காருங்க. டி.வி.க்குப் பூட்டுப் போட்டுட்டீகளாமே! எம் மக சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போனா. நம்பரு என்ன வச்சிருக்கீக? வேணாம், நானே சொல்லிப்புடுறேன். செட்டாப் பொட்டி வரும்போதே இருந்த அதே நாலு சைபரு. இல்லேன்னா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மிஞ்சிப் போனா நீங்க பொறந்த வருசம். எம் பேரன் நாலாப்புப் படிக்கிறான் மாப்ளே, அவனுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா? அதுலயும் அவன மடியில உக்கார வச்சுக்கிட்டேல்ல நம்பர அமுக்குறீக!

அது கெடக்கட்டும். பொட்டியில சேனலப் பூட்டினா நெட்ஃபிளிக்ஸும் சேந்து பூட்டிக்கிரும்னு நெனச்சீகளோ? முன்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டுக் கொல்லைக் கதவத் தொறந்து வச்ச கதைதான். 2021-லயே சர்க்காரு விதி போட்டுருச்சு. நெட்டுல படம் காட்டுறவுக யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ-ன்னு வயசு எழுதணும்; 13+-ல இருந்து மேல பெத்தவுக பூட்டிக்கிற வசதியும் குடுக்கணும். அவுக குடுத்துட்டாக. பூட்டுறது நம்ம வேலை. ஒவ்வொரு ஆப்புலயும் தனித்தனியாத்தான் போய்ப் பூட்டணும். பயலுக்குன்னு ஒரு புரொஃபைலு தொறந்து வயசக் குறிச்சதோட எந்திரிச்சு வந்துராதீக. ஒங்க புரொஃபைலுக்கும் நம்பரு போடுங்க. இல்லேன்னா அவன் பக்கத்துல இருக்க ஒங்க மூஞ்சிய அமுக்கி உள்ள போயிருவான். அப்பன் மூஞ்சி வேற எதுக்குத்தான் ஒதவும்?

இனி நம்ம வீட்டுச் சமாச்சாரத்துக்கு வருவோம். தியேட்டர்ல ஏ வாங்குன படத்த டி.வி.யில போடணும்னா வெட்டி, மறுபடி தணிக்கைக்குப் போகணும். ராத்திரி சீரியலுக்கு அந்தத் தொல்லையே இல்ல. மருமக பால்ல விசத்தக் கலக்குறா, மாமியா தூணுக்குப் பின்னால நின்னு பாக்குறா, அந்த ஒரு முழிய மூணு தடவ காட்டுறான். அதப் போட்டுத்தான் எம் மக ஒங்க மகனுக்குச் சோறு ஊட்டுறா. பக்கத்துல எங்க வீட்டுக் கெழவி, “இப்பக் குடிப்பான் பாரு”ன்னு கதை வேற சொல்லிக்குடுக்கா. முடிஞ்ச கையோட நீங்க வந்து செய்தி போடுறீக. நடுரோட்டுல வெட்டுக்குத்து, செவப்பு வட்டம் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடுது. இம்புட்டையும் பாத்து முடிச்ச பயலுக்குத்தான் பூட்டிட்டேன்னு நெஞ்ச நிமித்துறீகளாக்கும்!

பூட்டு வேணாம்னா சொல்றேன்? நல்லாப் போடுங்க. சோத்து நேரத்துக்கு மட்டும் சீரியலையும் செய்தியையும் சேத்துப் பூட்டுங்க. கெழவி கத்துனா நான் பாத்துக்கிறேன். நம்பர இன்னைக்கு ராத்திரி, பய தூங்கினப்புறம் மாத்துங்க. மாத்துன நம்பர எங்கிட்ட மட்டும் சொல்லிராதீக மாப்ளே. பேரன் ஒரு முறுக்க நீட்டுனான்னா நானே சொல்லிப்புடுவேன்.