எதிர்ப்பு குறைந்த இடமே ஏற்ற இடம்

தொழிற்சாலையை எங்கே வைத்தால் லாபம் என்று 1909இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெபர் கணக்குப் போட்டார். மூலப்பொருளைச் சுமக்கும் செலவு, சரக்கைச் சந்தைக்கு அனுப்பும் செலவு, கூலி எல்லாம் கூட்டிக் கழித்து எங்கே குறைவோ அங்கே ஆலை. பாவம், போலீஸைக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. அமைவிடக் கோட்பாடு இனி எந்தத் திசையில் போகும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பேராசிரியர்கள் தூத்துக்குடிக்கு வரட்டும். இங்கே ஆராய்ச்சி என்றோ முடிந்துவிட்டது.

உருக்கினால் எடை குறைகிற தாதுவைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே உருக்கு என்றார் வெபர். செறிவூட்டிய தாமிரத் தாதுவில் தாமிரம் சுமார் 30 சதவீதம்தான்; மிச்சம் பெரும்பாலும் இரும்பும் கந்தகமும். அதைக் கப்பலேற்றிக் கடல் தாண்டித் தூத்துக்குடியின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்குக் கொண்டுவந்தார்கள். தாமிரம் விலைபோயிற்று, கசடு உப்பாற்றோரம் குவிந்தது.

ஸ்டெர்லைட் முதலில் போன இடம் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி. 1993இல் மாம்பழ விவசாயிகள் திரண்டதும் கட்டுமானம் நின்றது. மறு வருஷமே இங்கே அடிக்கல், முதலமைச்சர் கையால். மாம்பழத்துக்கு ஆகாத புகை தூத்துக்குடிப் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மட்டும் ஆகும் என்று எந்த மேதை கண்டுபிடித்தார்?

நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாட்டில் கொட்டுவதே பொருளாதார நியாயம் என்றது, 1991இல் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட குறிப்பு. வெளியே கசிந்ததும் கிண்டல் என்று மழுப்பினார்கள். அவர்களுக்குக் கிண்டல், நம்மவர்களுக்கு அதுவே தொழில் கொள்கை.

2013இல் உச்ச நீதிமன்றம் மாசுக்காக ஸ்டெர்லைட்டை 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஆலையை ஓட்டவும் விட்டது. கட்டணம் கட்டினால் காற்றைக் கெடுக்கலாம்!

ஆக, புதிய சூத்திரம் இதுதான்: துறைமுகம் பக்கமா? கூலி மலிவா? எதிர்த்தால் சுட ஆள் உண்டா? பூமி பூஜைக்கு நாள் பாருங்கள்.

2018 மே 22, ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கி மக்கள் நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஒருத்திக்கு வயது 17. இருபது வருஷத்துக்கு மேல் மனு கொடுத்தும் மூடாத ஆலையை, பிணம் விழுந்த ஆறே நாளில் நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. கையெழுத்துப் போட அன்று இருந்த அதே பேனா முன்பும் இருந்ததுதானே?

அமைவிடக் கோட்பாட்டுக்கு இனி ஒரே திசைதான். வரைபடத்தில் புள்ளி வைக்குமுன் அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், எந்தச் சூத்திரம் சொன்னாலும் அது ஆலைக்கு ஏற்ற இடமில்லை.