யார் தயவும் வேண்டாதவர்

சவுதி, துபாய்க் கணக்கை முடித்துக்கொண்டு லப்பைக்குடிக்காடு என்ற ஊருக்குத் திரும்புகிறவர்களில் சிலர் கடை போடுவார்கள். சிலர் மனை வாங்கி மனை விற்பார்கள். இந்த இரண்டிலும் அடங்காத ஒரு வகை சில வருஷங்களாகத் தலையெடுத்திருக்கிறது. அவர்தான் தற்சார்பாளர். தேடினால் தெருவுக்கு ஒருவர் தேறுவார். எல்லோரையும் ஒரே ஆளாக்கி, ‘மச்சான்’ என்று வைத்துக்கொள்வோம்.

மச்சானை அடையாளம் காண்பது சுலபம். பஜ்ர் தொழுகை முடிந்து ஊர் டீக்கடைப் பக்கம் திரும்பும்போது, இவர் மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் விரைவார். முன்பெல்லாம் லீவில் வந்தால் பெட்டியில் கோடாலித் தைலமும் டாங் பவுடரும் இருக்கும். கடைசி முறை வந்தபோது குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் இருந்தது. “சௌக்கியமா மச்சான்?” என்று கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ், தக்காளி வாங்குறதை நிறுத்திட்டேன்” என்று பதில் வரும்.

தக்காளியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. “இனி ஒரு தக்காளிக்காகக் கூட அடுத்தவன் கடை வாசல்ல நிக்க மாட்டேன்” என்று மச்சான் சபதம் போட்டார். மறுநாளிலிருந்து அடுத்தவன் கடை வாசல்களில்தான் நின்றார். செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், பச்சை நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய். வலையடிக்க வந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி தனி. செடி பூத்துக் காய்த்துப் பழுக்கும்போது செப்டம்பர் கடைசி. அதற்குள் தக்காளி விலை தரையைத் தொட்டு, பறிகூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். முதல் பழத்தை மச்சான் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தப் பழத்தின் அடக்க விலை என்ன என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்தது மின்சாரம். மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் ஏறின. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்பது மச்சானுக்கு மனப்பாடம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதும், தகடு போட்ட பணம் திரும்பிவரும் வேகத்தை அது குறைக்கும் என்பதும் அந்த மனப்பாடத்தில் சேரவில்லை. போகட்டும், கரண்ட் பில் குறைந்தது உண்மை. வேடிக்கை வேறிடத்தில். சித்திரை மாதம், உச்சிவெயில், ஊர் முழுக்க மின்தடை. மாடியில் தகடுகள் தகதகவென்று மின்னுகின்றன. கீழே மச்சான் வீட்டு மின்விசிறி அசையாமல் நிற்கிறது. வாரியத்தின் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காக. வேண்டுமென்றால் பேட்டரி வாங்கி வைக்க வேண்டும். “வாங்கிடலாம்” என்றார் மச்சான், பனையோலை விசிறியை வீசிக்கொண்டே. அந்த விசிறியைத்தான் அவர் வீட்டின் முழுத் தற்சார்புச் சாதனம் என்று நான் சொல்வேன்.

பிறகு சாண எரிவாயு. நாலைந்து பேர் குடும்பத்துக்குச் சமைக்க 2 கன மீட்டர் கலன் போதும். அந்தக் கலனுக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிலோ சாணி வேண்டும். மச்சானிடம் இருப்பது ஒரே மாடு. அதுவும் மனசு வைத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ போடும். மிச்சத்துக்கு மச்சான் அக்கம்பக்கத்துக் கொட்டகைகளுக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கிறார். நேற்றுவரை சும்மா கிடந்த சாணிக்கு ஊரில் விலை பிறந்தது இப்படித்தான். கேஸ் சிலிண்டர் மட்டும் அடுப்புக்குக் கீழே, “எதுக்கும் இருக்கட்டும்” என்ற அந்தஸ்தில், முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கோழிக் கணக்குக்கு வருவோம். பத்து நாட்டுக்கோழி. ஒன்றுக்கு நூறு கிராம் தீனி என்றால் நாளைக்கு ஒரு கிலோ. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 900. நாட்டுக்கோழி பண்ணைக்கோழி மாதிரி தினம் முட்டையிடுகிற ஜாதி இல்லை. கொஞ்ச நாள் இடும், அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். மாதத்துக்குச் சராசரி ஆறு என்று தாராளமாகப் போட்டால் அறுபது முட்டை. ஒன்று 15 ரூபாய். கடையில் விற்கிற நாட்டுமுட்டை விலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டது, லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் கீரிக்குப் பங்கு ஒதுக்கவில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஒதுக்கவில்லை. “நாட்டுமுட்டையாமே!” என்று பை எடுத்துக்கொண்டு வரும் சொந்தபந்தத்துக்கும் ஒதுக்கவில்லை. மூன்றில் கீரிதான் குறைவாக எடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே மாடு. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திட்டக்குடி. அங்கே கல்யாணம் என்றால் மச்சான் நிக்காஹ் முடிந்ததும் கிளம்பிவிடுவார், வலீமா விருந்துக்கு இருக்கமாட்டார். மாலையில் பால் கறக்க வேண்டும். இருபது வருஷம் முதலாளியிடம் லீவு கேட்கப் பயந்தவர் இப்போது மாட்டிடம் லீவு கேட்க முடியாமல் இருக்கிறார். அவர் மனைவியின் வரவு செலவு அறிக்கை இன்னும் சுருக்கம்: “அவங்க அங்கே இருந்தப்போ பால் வாங்குனோம். இப்போ தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வாங்குறோம்.” கொட்டகை கூட்டுவதும் கலனுக்குச் சாணி கரைப்பதும் அந்த அம்மாதான் என்பதை மச்சான் எங்கும் குறிப்பிடுவதில்லை.

உலகத்தில் இந்த ஆசை புதியதல்ல. அமெரிக்காவில் தோரோ என்பவர் 1845-இல் வால்டன் குளக்கரையில் தானே ஒரு குடில் கட்டித் தனியாக வாழப் போனார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று ஆணி, சுண்ணாம்பு வரை கணக்கெழுதி வைத்தார். குடில் நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. துணி வெளுப்புக்குக் கணக்கு வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். துணி வீட்டுக்கு வெளியே போய் வந்தது. ஆக, ஆதி தற்சார்பாளருக்கே நிலம் ஒருவரும் வெளுப்பு இன்னொருவரும் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை எழுதி வைத்தார். மச்சான் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நம் பக்கம் வந்தால், தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் காந்தியும் பேசியது ஊரின் தற்சார்பை. ஒரு வீட்டுக்குள் செக்கும் தறியும் சூளையும் வைக்கச் சொல்லவில்லை. ஒருவர் ஆட்டினால் ஒருவர் நெய்வார் என்பதுதான் அந்தக் கணக்கு. இயற்கை வேளாண்மை நம்மாழ்வாரும் வெளியிலிருந்து வாங்குவதைக் குறைக்கச் சொன்னாரே தவிர, குறைப்பதற்கான சாமான்களை வாங்கச் சொல்லவில்லை. மச்சான் வீட்டுக் கூடத்தில் நம்மாழ்வார் படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சூரியத் தகடுகளின் தவணை அட்டை மாட்டியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் அந்த வீட்டில் நன்றாக நடக்கிற தற்சார்பும் உண்டு. கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் வளர்ந்த பப்பாளி. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவர் அத்தா வைத்த குழாய் ஒன்றும் இருக்கிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். ஐப்பசி அடைமழையில் அந்தக் குழாய் பேசாமல் கிணற்றுக்கு இறக்குகிற தண்ணீருக்குக் கணக்கே இல்லை. பைசா செலவில்லாத இவற்றை மச்சான் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பில் இல்லாத பொருளை எப்படிப் பெருமையாகக் காட்டுவது?

போன வாரம் மச்சானின் மூத்த மகன் சவுதியின் தம்மாமுக்குப் புறப்பட்டான். வழியனுப்பத் தெருவே வாசலில் நின்றது. பேட்டரி வாங்க வேண்டும், இன்னும் மூன்று மாடு வேண்டும், கொட்டகையை நீட்ட வேண்டும் என்ற விவரமெல்லாம் பையனுக்கு முன்பே தெரியும். காரில் ஏறுகிறவனின் தோளைத் தட்டி மச்சான் சொன்னார்:

“நீ மாசாமாசம் தவறாம அனுப்பிடு தம்பி. அத்தா இங்கே யார் தயவும் இல்லாம ஓட்டிக்கிறேன்.”